கற்பிட்டி மணலும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சும்

இலங்கையின் மேற்குக் கரையில், புத்தளம் நகருக்கு அப்பால் வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பே கற்பிட்டிக் குடாநாடு. ஒருபுறம் புத்தளம் களப்பு. மறுபுறம் இந்து சமுத்திரம். 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் பலரது முடிவு. ஆரியச் சக்கரவர்த்தி என்னும் மன்னரை அங்கு சந்தித்ததாகவும், கரையெங்கும் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததாகவும் அவர் எழுதியுள்ளார். ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை கற்பிட்டியில் இன்றும் நிற்கிறது. முத்து, உப்பு, கறுவா எனக் கடல் வழியாக வந்தவர்களின் வரலாறே இக்கரையின் வரலாறாக நமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

இந்த மணலுக்கு அடியில் இன்னொரு வரலாறும் உண்டு. அதன் வயது ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடப்பட்ட பசளையும் பீடைகொல்லியும் மழைநீரோடும் பாசன நீரோடும் கீழிறங்கி, அதே தோட்டத்துக் கிணற்றில் மீண்டும் தோன்றிய வரலாறு அது.

பீடைகொல்லி என்ற சொல் பத்திரிகைகளில் இடம்பெறும் சந்தர்ப்பங்கள் இரண்டு. யாரேனும் அதனை அருந்தி உயிர் மாய்த்துக்கொண்டால் அது செய்தி. அரசாங்கம் ஏதேனும் ஒன்றைத் தடை செய்தால் அதுவும் செய்தி. தெளித்த மருந்து மண்ணில் விழுந்த பின்னர் அதற்கு என்ன நேர்கிறது என்பது மட்டும் செய்தியாவதில்லை. ஓசையின்றியும் மெதுவாகவும் நடப்பவற்றுக்குப் பத்திரிகைப் பக்கத்தில் இடம் கிடைப்பது அரிது. கற்பிட்டியின் கதை இந்த வகையைச் சேர்ந்தது.

மணலில் மிதக்கும் நன்னீர்

கடல் சூழ்ந்த மணற்பரப்பில் நன்னீர் எப்படிக் கிடைக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மழைநீர் மணலினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மீது ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதே காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நிற்குமானால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை அது இறங்கியிருக்கும் என்பது அவர்களது கோட்பாடு.

கற்பிட்டியின் நன்னீர் முழுவதும் இவ்வாறான வில்லையே. ஆறு இல்லை, பெருங்குளமும் இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து ஓய்ந்துவிடும். நிலத்தடி நீரோ சில மீற்றர் ஆழத்திலேயே கிடைக்கிறது. ஆழம் குறைவு என்பது விவசாயிக்கு வரம்: சிறிய நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றிருந்தால் போதும், மணற்காடு தோட்டமாகிவிடும். அதே ஆழமின்மை நஞ்சுக்கும் வழியைச் சுருக்கிக் கொடுத்தது.

குடாநாடு தோட்டமானதற்கு அரசியல் காரணங்களும் உண்டு. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது உள்நாட்டுத் தோட்டப் பயிர்களுக்கு நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாணத்து விவசாயி செழித்த காலம் அது. பின்னர் போர் வந்தது. வடக்கிலிருந்து தெற்குச் சந்தைக்கு வந்த சரக்கு தடைப்பட்டது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். ஒரு சில நாட்களுக்குள், சில இடங்களில் ஒரு சில மணித்தியாலங்களுக்குள், வீடு வாசலை விட்டு வந்தவர்கள் அவர்கள். புதிதாக வந்த பல்லாயிரம் பேருக்கும், ஏற்கெனவே அங்கு வாழ்ந்த முஸ்லிம், தமிழ், சிங்கள மக்களுக்கும் அதே மணல், அதே வில்லை நீர். குடிப்பதற்கும் அதுதான், பயிருக்கு இறைப்பதற்கும் அதுதான்.

ஒரு நஞ்சின் பயணம்

மண்ணில் விழும் பீடைகொல்லிக்கு நேரக்கூடியவை சில. ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் கலக்கும். ஒரு பகுதியை வெயிலின் ஒளி சிதைக்கும். ஒரு பகுதி நீருடன் தாக்கமுற்று உடையும். இதனை நீர்ப்பகுப்பு என்பர். இன்னொரு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் உணவாகக் கொண்டு அழிக்கும். எஞ்சியது மண்ணின் களித் துணிக்கைகளிலும் மக்கிய சேதனப் பொருளிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும்; அல்லது நீரோடு கீழே இறங்கிவிடும்.

ஆகவே ஒரு மருந்தின் குணத்தை அறிய இரண்டு அளவைகள் வேண்டும். இட்ட அளவில் பாதி அழிய எவ்வளவு நாள் பிடிக்கும் என்பது முதலாவது; அதற்கு அரைவாழ்வுக் காலம் என்று பெயர். மண்ணோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் தனித்தனியே பார்ப்பவர் ஏமாந்துபோவார். டீ.டீ.ரீ.யை எடுத்துக்கொள்வோம். மண்ணில் அதன் அரைவாழ்வுக் காலம் ஆண்டுக்கணக்கில் நீளும். ஆனால் அது மண்ணைவிட்டு நகர்வதில்லை. நீரில் அநேகமாகக் கரைவதேயில்லை. கிணற்றைவிட உணவுச் சங்கிலியினூடாகவும் உடற்கொழுப்பினூடாகவுமே அது மனிதனை வந்தடைகிறது.

டீ.டீ.ரீ.யை இலங்கை நன்கறியும். 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்ட நாடு இது. 1940களின் நடுப்பகுதியில் வீட்டுச் சுவர்களில் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டது, 1946இல் 28 இலட்சமாக இருந்த நோயாளர் தொகை 1963இல் 17 ஆக வீழ்ந்தது. 17 ஆயிரமல்ல, வெறும் 17 பேர். தெளிப்பு நிறுத்தப்பட்டதும் 1968-69இல் நோய் மீண்டும் பெருகியது. நுளம்புகள் எதிர்ப்புச் சக்தி பெற்றதால் 1977இல் மலத்தியனுக்கு மாற நேர்ந்தது. மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் 2016இல்தான் கிடைத்தது. இந்த வெற்றி 'மருந்து' என்ற சொல்லுக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தது. நமது விவசாயி பூச்சிகொல்லியை நஞ்சு என்று சொல்வதில்லை. மருந்து என்றே சொல்கிறான்.

டீ.டீ.ரீ. போன்றவை நெடுங்காலம் நிலைத்து நிற்பது தெரிந்ததும், உலகம் விரைவில் சிதையும் மருந்துகளை நாடியது. ஓகனோபொஸ்பேற்று, கார்பமேற்று என்னும் இரு குடும்பங்கள் அவ்வாறு வந்தவை. கார்பமேற்றுக் குடும்பத்தில் கார்பரில், அல்டிகார்ப், கார்போபியூரான் ஆகியன பிரபலமானவை. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற மெதைல் ஐசோசயனேற்று வாயு கார்பரில் தயாரிப்பதற்காகவே அங்கு சேமித்து வைக்கப்பட்டிருந்தது.

கார்போபியூரான் நம் விவசாயிகளுக்குக் குருணையாகவே பழக்கம். 3 சதவீத நஞ்சைக் கொண்ட அந்தக் குருணையை மண்ணில் இட்டால், நீரில் கரைந்து, வேரினால் உறிஞ்சப்பட்டு, செடி முழுவதும் பரவும். மண்ணிலுள்ள வட்டப் புழுக்களும் தண்டைத் துளைக்கும் புழுக்களும் மடியும். நீரில் எளிதாகக் கரைவதுதான் அதன் சிறப்பு. அதன் ஆபத்தும் அதுவே.

1989இல் மொன்சாந்தோ நிறுவனத்தைச் சேர்ந்த கஸ்டாப்சன் என்னும் விஞ்ஞானி ஒரு சுட்டெண்ணை வகுத்தார். அரைவாழ்வுக் காலத்தின் மடக்கையை, 4இலிருந்து ஒட்டும் திறனின் மடக்கையைக் கழித்து வருவதால் பெருக்க வேண்டும். விடை 2.8ஐ விஞ்சினால் அம்மருந்து நிலத்தடி நீருக்கு இறங்கக்கூடியது; 1.8க்குக் குறைந்தால் இறங்காதது. கார்போபியூரானின் அரைவாழ்வுக் காலத்தை 50 நாள் என்றும், ஒட்டும் திறனை 22 என்றும் கொண்டால் விடை ஏறத்தாழ 4.5. டீ.டீ.ரீ.க்கோ விடை பூச்சியத்துக்கும் கீழே போய்விடுகிறது. நெடுங்காலம் அழியாத டீ.டீ.ரீ. மண்ணிலேயே தங்க, சில மாதங்களில் அழியும் கார்போபியூரான் கிணற்றுக்குள் இறங்கும். விரைவில் சிதையும் மருந்து பாதுகாப்பானது என்ற பொதுநம்பிக்கை மணல் நிலத்தில் தலைகீழாகிவிடுகிறது.

மணலில் ஓர் ஓட்டப்பந்தயம்

கற்பிட்டி மணலில் களி மிகக் குறைவு. சேதனப் பொருளும் மிகக் குறைவு. ஆகவே மருந்து ஒட்டிக்கொள்ள இடமில்லை. அதைத் தின்று அழிக்கும் நுண்ணங்கிகளுக்கும் போதிய தங்குமிடமில்லை. இங்கு நடப்பது நீருக்கும் காலத்துக்கும் இடையிலான ஓட்டப்பந்தயம்.

ஒரு பேச்சுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணல் தன் பருமனில் ஏறத்தாழ 10 சதவீத நீரையே பிடித்து வைத்திருக்கும் எனக் கொண்டால், செடி குடித்ததும் ஆவியானதும் போக எஞ்சும் ஒவ்வொரு 10 மில்லிமீற்றர் நீரும் மண்ணீரை 10 சென்ரிமீற்றர் கீழே தள்ளும். நீர்மட்டம் இரண்டு மீற்றரில் இருந்தால், 200 மில்லிமீற்றர் மிகை நீர் அதனை எட்டப் போதும். மாரியில் ஒரு சில வாரப் பெருமழையே இதற்குப் போதுமானது. 50 நாளில் பாதி அழியும் மருந்து அதற்குள் பாதிகூட அழிந்திருக்காது. கோடையிலும் விவசாயி சும்மா இருப்பதில்லை. மணல் விரைவில் காய்வதால் நாள்தோறும் நீர் இறைக்கிறான்.

இங்கே இன்னொரு சுழற்சியும் உண்டு. தோட்டத்திலிருந்து கீழிறங்கிய நீரையே அவன் மீண்டும் இறைத்து அதே தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறான். பயிர் நீரை உறிஞ்சி ஆவியாக்கிவிட, கரைந்திருந்த உப்பும் நைத்திரேற்றும் எஞ்சி, முன்னிலும் செறிந்து திரும்பவும் கீழிறங்குகின்றன. இச்சுழற்சியிலுள்ள கிணற்றிலிருந்துதான் குடிநீரும் அள்ளப்படுகிறது.

இவை வெறும் ஊகங்களல்ல. 1980களில் பிரித்தானியப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனமும் இலங்கை ஆய்வாளர்களும் இணைந்து கற்பிட்டியில் ஆய்வு நடத்தினர். லோரன்ஸ், குருப்பு ஆராச்சி ஆகியோரின் அறிக்கை 1986இல் வெளியானது. விரிவான இன்னொரு அறிக்கை 1992இல் வந்தது. செறிவாகப் பயிரிடப்பட்ட இடங்களில் நிலத்தடி நீரின் நைத்திரேற்று குடிநீருக்கான எல்லையைத் தாண்டியிருந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனைத் தாண்டிய நீரைக் கலந்து பால்மா புகட்டப்படும் பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. கார்போபியூரானும் மண்ணில் இடப்பட்டு அதன் போக்கு அவதானிக்கப்பட்டது. அது மணலினூடாக விரைந்து இறங்கி ஆழங்குறைந்த நிலத்தடி நீரை எட்டியது; அது உடைந்து உருவாகும் கார்போபியூரான் பீனோல் என்ற சேர்மமும் கண்டறியப்பட்டது. குடிநீரில் கார்போபியூரானுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 7 மைக்ரோகிராம். ஒரு கிராம் நஞ்சு 140,000 லீற்றருக்கும் மேற்பட்ட நீரை அந்த எல்லைவரை கொண்டுவந்துவிடும் என்று சொன்னால் அதன் நுண்மை விளங்கும்.

அமெரிக்கா முன்னரே கண்ட பாடம்

கற்பிட்டி ஆய்வுக்குச் சில ஆண்டுகள் முன்னர், உலகின் மறுபக்கத்தில் இதே நாடகம் அரங்கேறியிருந்தது. நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்ட் தீவிலுள்ள சபோக் மாவட்டம் மணற்பாங்கானது. நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. குடிநீர் முழுவதும் கிணற்றுநீர். உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிராக 1975 முதல் அங்கு அல்டிகார்ப் இடப்பட்டது. மண்ணிலேயே சிதைந்துவிடும் என்ற நம்பிக்கையோடு இடப்பட்ட அந்த மருந்து 1979 ஓகஸ்டில் கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. தொடர்ந்து நடந்த பரிசோதனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகள் அனுமதி எல்லையைத் தாண்டியிருந்தன. 1980இல் அங்கு அதன் விற்பனை நின்றது. கிணறுகளில் அதன் எச்சம் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் இருந்தது.

அல்டிகார்ப் மண்ணில் சிதைகிறது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அது விரைவாகவே மாற்றமடைகிறது. ஆனால் மாறி உருவாகும் சல்பொக்சைட்டும் சல்போனும்கூட நஞ்சுகளே; நீரோடு எளிதில் ஓடுபவையே. 'சிதைந்தது' என்ற சொல்லுக்கு 'அழிந்தது' என்று பொருளல்ல. பரிசோதனைச் சாலையில் தாய்ச்சேர்மத்தை மட்டும் தேடினால், இல்லை என்ற விடை கிடைக்கும். அதன் பிள்ளைகள் கிணற்றில் இருக்கும்.

நெல்வயலில் கிடைத்த நுண்ணங்கி

மண்ணின் தரப்பில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் டயசினோன் என்ற மருந்து திரும்பத் திரும்ப இடப்பட்டபோது, அது முன்னிலும் வேகமாக மறைவதைச் சேதுநாதனும் சக ஆய்வாளர்களும் 1970களின் தொடக்கத்தில் கவனித்தனர். 1973இல் சேதுநாதனும் யொஷிடாவும் அந்த வயல் மண்ணிலிருந்து டயசினோனையும் பரத்தியனையும் சிதைக்கும் பற்றீரியம் ஒன்றைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். பிற்காலத்தில் உலகெங்கும் ஆராயப்பட்ட பற்றீரியம் அது. சேதுநாதன் பின்னர் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையைத் தொடர்ந்தார். கார்போபியூரானைச் சிதைக்கும் பற்றீரியமும் 1980களில் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நுண்ணங்கிகள் மருந்தைத் தின்னப் பழகிவிட்டால் அது பூச்சியைக் கொல்லுமுன்னரே மறைந்துவிடும். 'மருந்து பிடிக்கவில்லை' என்று விவசாயி அளவைக் கூட்டுவான். நுண்ணங்கி பெருகக் களியும் சேதனப் பொருளும் கொண்ட வயல்மண் தேவை. வெறும் மணலில் அந்த உதவியும் குறைவு. சேற்று வயலில் பாதுகாப்பாக இருக்கும் ஒரு மருந்து மணல் தோட்டத்தில் கிணற்றைக் கெடுக்கலாம். போத்தலில் ஒட்டப்படும் சிட்டையோ இரண்டு நிலத்துக்கும் ஒன்றே.

சட்டம் பார்த்ததும் பாராததும்

இலங்கையின் பீடைகொல்லிக் கட்டுப்பாடு பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைகொல்லிப் பதிவாளர் பதவியை உருவாக்கியது. 1984இல் பரத்தியனும் மெதைல் பரத்தியனும், 1995இல் மொனோகுரோட்டபோஸ், மெதமிடோபோஸ் ஆகியனவும், 1998இல் எண்டோசல்பானும் விலக்கப்பட்டன. 1995இல் இலட்சம் பேருக்கு 47 என உலகிலேயே மிக உயர்ந்த நிலையிலிருந்த தற்கொலை வீதம் 2005 அளவில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆயிரக்கணக்கான உயிர்கள் இதனால் காக்கப்பட்டன. வேறெந்த நாடும் பெருமைப்படத்தக்க சாதனை இது.

ஆனால் இத்தடைகளின் அளவுகோல், அருந்தினால் எவ்வளவு விரைவில் கொல்லும் என்பதாகவே இருந்தது. மணலில் எவ்வளவு விரைவில் இறங்கும் என்ற கேள்வி அதில் பின்தள்ளப்பட்டது. வரண்ட வலயத்தில் காரணம் துலங்காத சிறுநீரக நோய் பரவிய பின்னர்தான் நீருக்கும் மருந்துக்குமான தொடர்பு பொதுப்பேச்சாயிற்று. 2014 டிசம்பரில் அந்நோய் கண்ட பிரதேசங்களில் கார்போபியூரான், கார்பரில், குளோர்பைரிபோஸ், புரோபனில், கிளைபோசேற்று ஆகிய ஐந்தும் கட்டுப்படுத்தப்பட்டன. கார்போபியூரான் 2017இல் ரொட்டர்டாம் சமவாயத்தின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. 2021இல் இரசாயனப் பசளை, பீடைகொல்லி இறக்குமதி அனைத்தும் ஒரே நாளில் தடுக்கப்பட்டதும், விளைச்சல் விழுந்து அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவை.

வர்த்தமானி வெளியாகும் நாளில் மண் சுத்தமாகிவிடுவதில்லை. மண்ணுக்குத் தன் சொந்த நாட்காட்டி உண்டு. நேற்று இட்ட மருந்து தன் அரைவாழ்வுக் கணக்கின்படியே குறையும். நைத்திரேற்று மாரிமழையின் கணக்கின்படியே நீர்த்துப்போகும். ஆகவே திடீர்த் தடையைவிட, நிலத்துக்கேற்ற விதியே கற்பிட்டிக்குத் தேவை. மணல் நிலங்களில் நீருடன் இறங்கும் மருந்துகளைத் தவிர்த்தல். பெருமழைக்கு முன்னர் குருணை இடாதிருத்தல். நீரைக் குறைவாகவும் அளவறிந்தும் பாய்ச்சுதல். எருவும் தென்னந் தும்புத்தூளும் இட்டு மணலின் பிடிப்பைக் கூட்டுதல். குடிநீர்க் கிணற்றைத் தோட்டத்திலிருந்து விலக்கி வைத்தல். இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு வேண்டியதில்லை. தென்னை முக்கோணத்தில் தும்புத்தூளுக்குப் பஞ்சமுமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டியது கிணற்று நீரைத் தவறாது பரிசோதித்தல். தாய்ச்சேர்மத்தை மட்டுமன்றி அது உடைந்து உருவாகுபவற்றையும் தேடிப் பார்த்து, முடிவை அந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பத்துக்கு அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். 1986இலும் 1992இலும் எழுதப்பட்ட அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவை நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆலங்குடாவிலும் நுரைச்சோலையிலும் கிணற்றங்கரையில் குடத்துடன் நிற்கும் பெண்ணுக்கு அவற்றின் ஒரு வரியேனும் தமிழில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்தக் கடமையில் அதிகாரிகளுக்கு மட்டுமன்றி, எழுதுகோல் பிடித்த நமக்கும் பங்கு உண்டு.